ஐந்து சபைக்கு ஒரே அடுப்பு

அந்தத் தெருவில் ஐந்து சபைகள் இருந்தன. ஐந்துக்கும் ரொட்டி சுட்டது ஒரே அடுப்பு. அடுப்புக்குச் சொந்தக்காரியை எல்லோரும் பேக்கரி அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள் அக்கா என்றார்கள், போதகர்களும் அக்கா என்றார்கள். உடன்பிறந்த உரிமையோடு அப்படிக் கூப்பிட்டவன் ஒரே ஒருவன், அவளுடைய தம்பி. இயேசுவின் நினைவாக அப்பமும் திராட்சை ரசமும் எடுக்கிற கர்த்தருடைய பந்தியில் அவனும் தானும் ஒரே அப்பத்தில் ஒரு துண்டு வாங்கிச் சாப்பிட வேண்டும், வாழ்க்கையில் ஒரு தடவை போதும், என்பதுதான் அக்காவின் ஆசை. கேட்கிறவர்களுக்கு இதெல்லாம் ஒரு ஆசையா என்று தோன்றும். அந்தத் தெருவில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய ஆசை என்று தெரியும்.

இப்போது அக்காவுக்கு எழுபத்து மூன்று வயது. கடை நன்றாகவே நடக்கிறது. கல்லாவில் வேறு ஆள் உட்கார்ந்திருக்கிறார், அக்கா வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரை அதட்டுகிறாள். சனிக்கிழமை மத்தியானம் வந்துவிட்டால் மட்டும் சத்தம் குறைந்துவிடும். பழைய சனிக்கிழமைகளை நினைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அந்த நேரத்தில் யாராவது பன் என்ன விலை என்று கேட்டால், பலகையில் எழுதியிருக்கிறதே, கண் இல்லையா என்று ஒரு பதில் வரும்.

தெருவின் சபைகளை அக்கா பெயர்ப்பலகையை வைத்து அறிந்தவள் இல்லை, ஆர்டரை வைத்து அறிந்தவள். ஐந்துமே புராட்டஸ்டன்ட் சபைகள். ஐந்திலும் ஒரே வேதப்புத்தகம், அநேகமாக ஒரே பாட்டுகள். ஆனால் சனிக்கிழமை வரும் ஆர்டரைப் பார்த்தால் ஐந்தும் ஐந்து மதமோ என்று சந்தேகம் வந்துவிடும்.

தெருமுனையில் மணிக்கோயில். அக்காவின் குடும்பம் மூன்று தலைமுறையாகப் போன கோயில் அது. போதகர் வெள்ளை அங்கி போட்டிருப்பார், ஜெபத்தைப் புத்தகம் பார்த்து வாசிப்பார், குழந்தைகளுக்குத் தலையில் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுப்பார். அவர்களுக்குப் புளிப்பில்லாத அப்பம், காகிதம் போல மெல்லிசாக, மேலே சிலுவை அச்சு விழுந்திருக்க வேண்டும். அச்சு கொஞ்சம் கலைந்திருந்தாலும் கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்குட்டி திருப்பிக் கொண்டுவந்துவிடுவார்.

எதிர்வாடையில் முழுக்குச் சபை. பெரியவர்களைத் தொட்டியில் முழுசாக முக்கி எடுப்பார்கள் என்பதால் தெருவில் அந்தப் பெயர். அவர்களுக்கு ஓரம் நீக்கிய ரொட்டி, சின்னச் சின்னச் சதுரங்களாக. ஒரு சதுரம் மற்றதைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. அளவு தப்பினால் அந்தச் சபையின் செயலாளரம்மா ஸ்கேலோடு வந்து நிற்பார்.

அதற்கு அடுத்த சந்தில் கைதட்டுச் சபை. டிரம்ஸ் சத்தத்தில் அக்கா கடைக் கண்ணாடி அதிரும். அவர்களுக்கு எந்த ரொட்டியானாலும் சரி. எண்ணிக்கைதான் தகராறு.

"எத்தனை பேருக்குன்னு சொல்லுங்க பாஸ்டர்."

"ஆவியானவர் எத்தனை பேரைக் கூட்டிட்டு வர்றாரோ அத்தனை பேருக்குக்கா."

"அவரை முந்தின நாளே ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க. மாவு பிசையணும்ல?"

நாலாவது, பஸ் டிப்போவுக்குப் பக்கத்தில் சேனை. சபையை ராணுவம் மாதிரி நடத்துகிற சீருடைக்காரர்கள். அவர்கள் கர்த்தருடைய பந்தியே அனுசரிப்பதில்லை. அதனால் ஆர்டர் கிடையாது. ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் தள்ளுவண்டியோடு வந்து விற்காத ரொட்டியை எல்லாம் கேட்டு வாங்கிப்போய், டிப்போ வாசலில் சூப் காய்ச்சி, வருகிறவர்களுக்கெல்லாம் கொடுப்பார்கள். நீ எந்தச் சபை என்று அந்த வரிசையில் யாரும் கேட்டதில்லை. பந்தியே இல்லாதவர்கள்தான் எல்லோருக்கும் பந்தி வைக்கிறார்கள் என்று அக்கா சிரிப்பாள்.

ஐந்தாவது, அச்சகத்துக்கு மேல் மாடியில் கூடிய அசெம்பிளி. சிலுவை கிடையாது, அங்கி கிடையாது, போதகர் கிடையாது, இசைக்கருவி கிடையாது. நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, நடுவில் ஒரு மேஜை, மேஜைமேல் ஒரு முழு ரொட்டி. உருண்டையாக, புளிக்கவைத்துச் சுட்டதாக, கத்தி படாததாக இருக்க வேண்டும். ஒரே அப்பம், ஒரே சரீரம் என்று வேதத்தில் இருக்கிறது, அதனால் அப்படி. தம்பி போய்ச் சேர்ந்தது இந்தச் சபையில்தான்.

தினமும் பால் ஊற்ற வந்தவர் கத்தோலிக்கர். வாய் சும்மா இருக்காது. "உலகம் பூரா எங்களுக்கு ஒரே சபைக்கா. உங்களுக்கு இந்த ஒரு தெருவுலயே அஞ்சு கடை. ஏன்க்கா இப்படி?" என்று கேனைக் கீழே வைக்கும்போதே ஆரம்பிப்பார்.

"ஒரே மாட்டுப் பால்தானே நீங்க ஊத்துறது? வீட்டுக்கு வீடு ஏன் வேற வேற கெட்டியா இருக்கு? அதை முதல்ல சொல்லுங்க, நான் இதைச் சொல்றேன்" என்பாள் அக்கா. பால்காரர் கேனைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

வெளியே இப்படி வாயாடினாலும் அந்தக் கேள்வி அக்காவுக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டுதான் இருந்தது. அவள் வாழ்க்கையில் சபைகள் செய்த வேலை கொஞ்சமா? இருபது வயதில் ஒரு வரன் வந்தது. நல்ல பையன், மருந்துக்கடை வைத்திருந்தான். முழுக்குச் சபை என்று தெரிந்ததும் அப்பா தட்டிவிட்டார். அடுத்து வந்தவன் ஆசிரியர். அவன் வீட்டார், பெண் கைதட்டி ஆராதிப்பாளா என்று கேட்டார்கள். அப்பா காபியைக்கூடக் குடிக்கவிடாமல் அனுப்பிவிட்டார். மூன்றாவது வரன் வரவே இல்லை. வியாபாரத்துக்கு எல்லாச் சபையும் வேண்டும், வீட்டுக்கு ஒரு சபைதான் என்பது அப்பாவின் கறார்.

அப்படிப்பட்ட அப்பாவிடம் போய்த் தம்பி ஒருநாள், தான் முழுக்கு எடுத்துவிட்டதாகச் சொன்னான். அவனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது, நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைகிற வேலை. கோடு போட்டால் நூல் பிடித்தது மாதிரி இருக்கும், மனசும் அப்படித்தான். மேலதிகாரி ஒருவர் அவனை அசெம்பிளிக்குக் கூட்டிப்போயிருந்தார். ஆறு மாதம் வேதப்புத்தகத்தை வரி வரியாக வாசித்து, குழந்தைக்குத் தண்ணீர் தெளித்ததாக ஒரு வசனம்கூட இல்லை என்று முடிவுகட்டிவிட்டான்.

"உன்னை நான் கையில ஏந்திட்டுப் போயி ஞானஸ்நானம் கொடுத்தேன்டா. அது அப்ப என்ன, குளிப்பாட்டுனதா?" என்று அப்பா கத்தினார்.

"குழந்தைக்கு என்னப்பா தெரியும்? விசுவாசிச்சவன்தானே எடுக்கணும்? உங்களை அவமானப்படுத்தறதுக்காகச் செய்யல. எனக்கு மனசாட்சி கேக்கல."

"அப்ப நாங்கள்லாம் மனசாட்சி இல்லாதவங்க, அப்படித்தானே?"

அக்கா அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். தம்பி துணிமணிகளை ஒரு பெட்டியில் எடுத்துக்கொண்டு வாடகை அறைக்குப் போனான். அந்த ஞாயிற்றுக்கிழமை மணிக்கோயிலில் குடும்பமாகப் பீடத்துக்கு முன்னால் முழங்கால்படியிட்டபோது அப்பாவுக்கும் அக்காவுக்கும் நடுவில் ஓர் ஆள் அளவுக்கு இடம் இருந்தது. பழக்கத்தில் விட்ட இடம். அப்பாவும் நகரவில்லை, அக்காவும் நகரவில்லை. அன்றைக்குத்தான் அந்த ஆசை அவள் மனசில் விழுந்தது.

நாலு வருஷத்தில் அப்பா போய்விட்டார். அடக்கத்துக்குத் தம்பி வந்தான். மனைவி, மடியில் குழந்தை என்று குடும்பமாக வந்தான். கண் சிவக்க அழுதான். ஆனால் அங்கி போட்ட போதகர் புத்தகத்தைப் பார்த்து ஜெபம் வாசித்தபோது தலைகுனியாமல் நேரே பார்த்துக்கொண்டு நின்றான். அப்பாவுக்காகக்கூட அவன் தலை ஒரு நிமிஷம் குனியக் கூடாதா என்று அக்காவுக்கு வயிறு எரிந்தது. அதற்கப்புறம் இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுபோனது.

அசெம்பிளி மட்டும் அதுவரை வேறு கடையில் ரொட்டி வாங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கடைக்காரர் கடையை மூடிவிட்டு வேறு ஊருக்குப் போனதும், போதகருக்குப் பதிலாக அவர்களை நடத்துகிற மூப்பர்களில் ஒருவர் அக்காவிடம் வந்தார். ஒல்லியான, மெதுவாகப் பேசுகிற மனிதர். கண்ணாடிக் கடை வைத்திருந்தார். தம்பி அனுப்பினானா என்று அக்கா கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. முதல் சனிக்கிழமை அவள் சுட்ட ரொட்டிபோல அதற்கு முன்னும் பின்னும் அவள் சுட்டதில்லை. மறுநாள் அதைத் தானே எடுத்துக்கொண்டு மாடி ஏறிப்போய், மேஜைமேல் வைத்துவிட்டு, அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். வட்டத்தில், தம்பிக்கு நேர் எதிரே.

மூப்பர் எழுந்து வந்து குனிந்து, "சிஸ்டர், தப்பா நினைக்காதீங்க. பந்தியில இருக்கிறவங்களுக்குத்தான் இந்த நாற்காலி. மத்தவங்களுக்குப் பின்னால பெஞ்சு போட்டிருக்கோம்" என்றார்.

"பந்தியில சேர நான் என்ன செய்யணும்?"

"முழுக்கு எடுத்திருக்கணும். வேற அசெம்பிளியில இருந்து வர்றவங்கன்னா கடிதம் கொண்டுவருவாங்க."

"நான் சுட்ட ரொட்டி மேஜைக்கு வந்துடுச்சு. அதுகிட்ட நீங்க கடிதம் கேக்கலையே ஐயா?"

மூப்பர் பின்னால் இருந்த பெஞ்சைக் கையால் காட்டினார். அக்கா எழுந்து பெஞ்சுக்குப் போனாள். தட்டு கைமாறிக் கைமாறிச் சுற்றி வந்தது. தம்பி ஒரு துண்டு பிட்டுக்கொண்டு, தட்டைப் பக்கத்து ஆளிடம் கொடுத்தான். வட்டத்தோடு தட்டு நின்றுவிட்டது. தான் பிசைந்து, தான் உருட்டி, தான் சுட்டதை எல்லோரும் மெல்வதைப் பார்த்துக்கொண்டு அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தம்பி தலையே தூக்கவில்லை. அக்கா அழுதது படி இறங்கும்போதுதான்.

முழுக்கு எடுத்துவிட்டால் முடிந்தது கதை. பலபேர் அவளுக்கு அந்த யோசனையைச் சொன்னார்கள். அவளால் முடியவில்லை. அம்மா அவள் சின்ன வயதிலேயே இறந்துபோனவள். அவளைக் கையில் ஏந்திக்கொண்டு மணிக்கோயில் ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில் அம்மா நிற்கிற போட்டோ ஒன்றுதான் வீட்டில் இருந்தது. மறுபடி ஞானஸ்நானம் எடுத்தால் அன்றைக்கு அம்மா செய்தது ஒன்றுமே இல்லை என்று தானே சொன்னதாக ஆகிவிடும் என்று நினைத்தாள். தம்பியைப் பிடிவாதக்காரன் என்று திட்டுகிறவள், தானும் அவனுக்குச் சளைத்தவள் இல்லை என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

மணிக்கோயில் போதகரிடம் போய்க் கேட்டாள். அவர் பொறுமையாக விளக்கினார்: "உண்மையான சபை கண்ணுக்குத் தெரியாததும்மா. அஞ்சு சபையிலயும் அதோட ஆளுங்க இருக்காங்க. யார் யாருன்னு ஆண்டவருக்குத்தான் தெரியும். கட்டடமும் பேரும் நம்ம வசதிக்கு."

"கண்ணுக்குத் தெரியாத சபைக்கு நான் எப்படிய்யா அப்பம் சுடுறது?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டாள். போதகர் அந்தக் கேள்வியை அடுத்த வாரம் பிரசங்கத்தில் சொன்னார் என்று கேள்வி. அவள் பெயரைச் சொல்லவில்லை என்பதில் அக்காவுக்குக் கொஞ்சம் வருத்தம்.

இப்படியே போயிருந்தால் அவர்கள் பேசாமலே கிழடாகியிருப்பார்கள். காப்பாற்றியது ஒரு தப்பு. ஒரு சனிக்கிழமை ஒரு பிறந்தநாள் வீட்டுக்குத் திராட்சை போட்ட இனிப்பு ரொட்டி ஆர்டர் இருந்தது. உருண்டைதான், அதே அளவுதான், மேலே பார்த்தால் அதே பழுப்புதான். பொட்டலம் மாறிவிட்டது. திராட்சை ரொட்டி மாடி ஏறிப் போனது.

திங்கட்கிழமை காலையில் தம்பி கடைக்குள் வந்து நின்றான். இரண்டு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவை. முகம் கடுகடு என்று இருந்தது.

"என்னக்கா செஞ்சு வச்சிருக்க?"

"என்னடா?"

"மூப்பர் ஜெபம் பண்ணி, எல்லாரும் கண்ணை மூடியிருக்கோம், அப்பத்தைப் பிட்டாரு. உள்ள பூரா திராட்சை!"

அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஐயையோ! அப்புறம்?"

"அப்புறம் என்ன? மூப்பருங்க நாலு பேரும் மூலையில போய் நின்னு பேசுனாங்க. அரை மணி நேரம். ஒருத்தர் இதை எடுக்கவே கூடாதுங்கிறார். இன்னொருத்தர், புளிச்ச மாவே ஆகும்னா இது ஏன் ஆகாதுங்கிறார். மூணாவது ஆளு, திராட்சையும் கொடியோட கனிதானே, பாத்திரத்துல இருக்கிறது முன்கூட்டியே அப்பத்துக்கு வந்துடுச்சு, அவ்வளவுதான்னு..."

அதற்குமேல் அவனால் கடுகடுப்பைத் தாங்கிப்பிடிக்க முடியவில்லை. உதடு துடித்தது. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு நொடி இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் சமாளித்தார்கள். பிறகு தம்பி மாவு மூட்டைமேல் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். ரொட்டி வாங்க வந்தவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

"கடைசியில என்னதான்டா பண்ணீங்க?"

"பொறுக்கி எடுத்துட்டுச் சாப்பிட்டோம்" என்றான்.

அதிலிருந்து, இனிமேல் உன்னை நம்பி ரொட்டி எடுக்க முடியாது, நானே வந்து பார்த்து வாங்குகிறேன் என்று ஒரு காரணம் சொல்லிக்கொண்டு, ஒவ்வொரு சனிக்கிழமை மத்தியானமும் தம்பி வர ஆரம்பித்தான். இருபது வருஷத்துக்குமேல் ஒரு சனிக்கிழமை தவறியதில்லை. அந்தச் சனிக்கிழமைகளைத்தான் அக்கா இப்போது வாசலில் உட்கார்ந்து நினைத்துக்கொள்கிறாள். அலுவலகம் அரைநாளோடு விட்டதும், விரலில் மைக் கறையோடு நேரே வருவான். மாவு மூட்டைமேல் உட்காருவான். அசெம்பிளி ரொட்டியைக் கையில் எடுத்து, உள்ளே திராட்சை இருக்கிறதா என்று காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டிப் பார்ப்பான். அப்புறம் ஒரு பன்னை எடுத்து இரண்டாகப் பிய்த்து, பாதியை அவளிடம் நீட்டுவான். டீ வரும். சண்டை ஆரம்பமாகும்.

"ஒரு வசனம் காட்டுக்கா. ஒரே ஒரு வசனம். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தாங்கன்னு."

"வீட்டார் அனைவரும்னு இருக்குல்ல? வீட்டுல குழந்தையே இருந்திருக்காதா?"

"இருந்திருக்கும்னு நீ சொல்ற. வேதம் சொல்லல."

"நாற்காலியை வட்டமாப் போடணும்னு எந்த அதிகாரத்துல இருக்கு? நீ காட்டு."

வாடிக்கையாளர்கள் இதைக் கேட்பதற்காகவே சனிக்கிழமை மத்தியானத்தில் ரொட்டி வாங்க வந்தார்கள். நடுவில் அசெம்பிளியே இரண்டாகப் பிரிந்தது. ஒரே பாத்திரத்தில் எல்லோரும் குடிப்பதா, ஆளுக்கொரு சின்னக் கிண்ணமா என்று தகராறு. கிண்ணக்காரர்கள் அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்கள். 'நாங்க எந்தப் பிரிவும் இல்ல, வேதத்தின்படி கூடிவர்றவங்க, அவ்வளவுதான்' என்று அதுவரை ஒரு கூட்டம் சொன்னது. இப்போது அதையே இரண்டு கூட்டங்கள் சொல்லின. அக்கா சனிக்கிழமைதோறும் முழு ரொட்டி இரண்டு சுட்டாள்.

"பிரிவே இல்லாதவங்களுக்கு எப்படிடா ரெண்டு ரொட்டி?" என்று தம்பியைச் சீண்டினாள்.

அன்றைக்குத் தம்பி சிரிக்கவில்லை. "வெட்கமாத்தான் இருக்குக்கா" என்றான். "ஆனா தப்புன்னு தெரிஞ்சும் ஒண்ணா இருக்கிறதும் பொய்தானே? பொய்யா ஒண்ணா இருக்கிறதுக்கு, உண்மையாப் பிரிஞ்சு இருக்கலாம்னு நெனைச்சேன். இப்ப எது சரின்னு தெரியல."

"அப்ப நான் விசுவாசி இல்லையாடா?"

"அப்படி எப்பக்கா சொன்னேன்? பரலோகத்துல நீ எனக்கு முன்னால நிப்ப. எனக்கு அதுல சந்தேகமே இல்ல. இங்க சபைக்குன்னு ஒரு ஒழுங்கு இருக்கு, அவ்வளவுதான்."

"அங்க முன்னால நிக்கிறவ இங்க பின்பெஞ்சு. நல்லா இருக்குடா உன் ஒழுங்கு" என்றாள். அவன் கையிலிருந்த பன் துண்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சனிக்கிழமை ஒரே பன்னைப் பிய்த்துத் தின்கிற இரண்டு பேர் ஞாயிற்றுக்கிழமை ஒரே ரொட்டியைத் தின்ன முடியவில்லை. அதை நினைத்தால் அக்காவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். ஆனால் அவனைத் தன் கொள்கையை விட்டுவிட்டு வா என்று ஒருநாளும் அவள் கேட்கவில்லை. விட்டுவிட்டு வந்தால் அவன் தன் தம்பியாக இருக்க மாட்டான் என்று அவளுக்குத் தெரியும்.

தம்பிக்கு ஐம்பத்து மூன்று வயதில் பக்கவாதம் வந்தது. மனைவி அதற்கு முந்தின வருஷம் இறந்திருந்தாள். மகனுக்குக் கப்பலில் வேலை, வருஷத்துக்கு ஒருமுறை வந்து போவான். அக்கா யாரையும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கடைக்கு மேல் அறைக்குக் கொண்டுவந்துவிட்டாள். அவர்கள் இருவரும் பிறந்து வளர்ந்த அறை. கீழே அடுப்பு எரிந்தால் தரை வெதுவெதுப்பாக இருக்கும். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு குழறியது, வாயின் வலது பக்கம் உணர்ச்சி இல்லை. சாப்பாட்டை இடது ஓரத்தில் வைத்து, தாடையை லேசாகத் தடவிக்கொடுத்தால்தான் விழுங்குவான். அந்தப் பக்குவம் அக்கா ஒருத்திக்குத்தான் கைவந்தது.

ஞாயிற்றுக்கிழமை கூடுகை முடிந்ததும் மூப்பர் படியேறி வருவார். அதே கண்ணாடிக்கடை மூப்பர், எண்பதை நெருங்கிவிட்டார். துணியில் சுற்றிய மீதி ரொட்டியும் சின்னப் பாட்டிலில் திராட்சை ரசமும் கொண்டுவருவார். தம்பி அந்தச் சின்னத் துண்டை மட்டும் இடது கையால் தானே வாங்கி வாயில் வைத்து, தாடையைத் தானே தடவிக்கொண்டு விழுங்குவான். அந்த நேரத்தில் அக்கா அங்கே நிற்க மாட்டாள். யாரும் போகச் சொல்லவில்லை. அவளாகவே கீழே இறங்கிக் கடையில் போய் உட்கார்ந்துகொள்வாள். அந்த அறையில் ஏது பின்பெஞ்சு?

எட்டாவது மாதம் அவனுக்குக் காய்ச்சல் வந்து, இருந்த இடது கையும் நடுங்க ஆரம்பித்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை மூப்பர் வந்ததும் அக்கா வழக்கம்போல் எழுந்தாள். தம்பி குழறிக் குழறி, "இரு" என்றான்.

மூப்பர் தம்பியின் கையைப் பார்த்தார். தன் கையையும் பார்த்தார். அதுவும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. "சிஸ்டர், நீங்கதான் ஊட்டணும். எனக்கு அந்தப் பக்குவம் தெரியாது" என்றார்.

ஜெபம் பண்ணினார். ரொட்டியைப் பிட்டு, ஒரு துண்டை அக்காவின் கையில் கொடுத்தார். அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அதைத் தம்பியின் வாயின் இடது ஓரத்தில் வைத்தாள். அவன் பாதியைக் கடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டான். அக்கா தாடையைத் தடவினாள். விழுங்கினான். மீதியை வைக்கப் போனபோது தலையை அசைத்தான். போதுமாம். அன்றைக்குக் காலையில் பாதி பன்னைத் தின்றவன்!

பாதித் துண்டு அக்காவின் விரல்களுக்கு நடுவில் இருந்தது. அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மணிக்கோயிலில் ஜெபம் பண்ணிக் கொடுத்த அப்பத்தில் மீதி இருந்தால் கீழே போடக் கூடாது, எடுத்து வைக்கவும் கூடாது. போதகர் பீடத்துக்குப் பக்கத்திலேயே நின்று கடைசித் துகள் வரைக்கும் சாப்பிட்டு முடிப்பார். குழந்தையிலிருந்து அவள் அதைப் பார்த்து வளர்ந்தவள். போடக் கூடாது. ஆனால் இந்தப் பந்தியில் அவள் சாப்பிடவும் கூடாது.

"இதை என்னய்யா பண்றது?" என்று கேட்டாள்.

"எதை?"

"இந்த மீதியை."

மூப்பருக்கு அவள் திகைப்பு புரியவில்லை. அவர்களுக்கு அந்தப் பயம் கிடையாது. "அதுல ஒண்ணும் இல்ல சிஸ்டர். எங்களுக்கு அது அடையாளந்தான். பந்தியில இருக்கிறவர் எடுத்தாச்சுன்னா அப்புறம் மீதி வெறும் ரொட்டிதான். வெளியில குருவிக்குப் போட்டுடுங்க."

"வெறும் ரொட்டியா?"

"வெறும் ரொட்டிதான்."

"வெறும் ரொட்டின்னா நான் தின்னா தப்பு இல்லையே ஐயா?"

அவர் போதித்ததையே அவள் திருப்பிக் கேட்கிறாள், அதில் தப்புக் கண்டுபிடிக்க அவருக்கு வழியில்லை. கட்டிலில் இருந்து ஒரு சத்தம் வந்தது. தம்பி பாதி வாயால் சிரித்துக்கொண்டிருந்தான். கண்ணில் தண்ணீர் வழிந்து தலையணையில் இறங்கிக்கொண்டிருந்தது. "தின்... னுக்கா" என்றான்.

அக்கா கட்டில் பக்கத்தில் முழங்கால்படியிட்டாள். மணிக்கோயிலில் அப்படித்தான் வாங்குவாள், வேறு விதமாக அவளுக்கு வாங்கத் தெரியாது. துண்டை வாயில் வைத்து மெதுவாக மென்றாள். உப்பு சரியாக இருந்தது. மூப்பர் கண்ணை மூடிக்கொண்டார். ஜெபித்தாரா, பார்க்க வேண்டாம் என்று மூடினாரா என்பது அவருக்கும் ஆண்டவருக்கும்தான் தெரியும். பாட்டிலை எடுத்துத் தம்பிக்கு ஒரு கரண்டி கொடுத்துவிட்டு, கைத்தடியை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

இனிமேல் மூப்பர் வர மாட்டார், தன்னால் தம்பிக்கு இருந்த ஒரு ஆறுதலும் போய்விட்டது என்று அந்த வாரம் முழுக்க அக்கா பயந்து செத்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே நேரத்துக்குப் படியில் கைத்தடிச் சத்தம் கேட்டது. மூப்பர் உட்கார்ந்தார், மூச்சு வாங்கினார், துணியைப் பிரித்தார், ஜெபம் பண்ணினார். பிறகு ரொட்டியைப் பிட்டுத் தம்பிக்கு ஊட்டச் சொல்லி அக்காவின் கையில் கொடுத்தார். இரண்டு பேர் சாப்பிடுகிற அளவுக்குப் பெரிய துண்டாகப் பிட்டிருந்தார்.